இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்: தரங்கிரே சஃபாரி

[காட்சி: வறண்ட ஆற்று மணல். ஒரு தாய் யானை முன்காலால் மணலைக் கிளறுகிறது.]

வணக்கம். இந்த யானை என்ன செய்கிறது, பாருங்கள். காலால் மணலைத் தள்ளுகிறது, தும்பிக்கையால் அள்ளி வீசுகிறது, மறுபடியும் தள்ளுகிறது. ஊற்றுத் தோண்டுகிறது! கொஞ்ச நேரத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறும். யானைக் கூட்டம் குடித்துவிட்டு நகர்ந்ததும், அதே குழியைத் தேடி மற்ற விலங்குகள் வரும். பறவைகளும் வரும்.

இடம், தான்சானியாவின் வடக்கில் இருக்கும் தரங்கிரே தேசியப் பூங்கா. அருஷா நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். 1970-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு ஏறத்தாழ 2,850 சதுர கிலோமீட்டர். பலர் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ என்ற புகழ்பெற்ற சஃபாரி இடங்களுக்குப் போகிற வழியில் இங்கே ஒரு பகல் மட்டும் தலைகாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசே கேட்கவில்லை. இரண்டு இரவாவது தங்குங்கள்.

[காட்சி: மேலிருந்து ஆறு. கரையெங்கும் வரிக்குதிரைகள்.]

ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கே மழையில்லாத வறண்ட காலம். சுற்றுவட்டாரத்தில் குளம் குட்டையெல்லாம் வற்றிப்போகும். தரங்கிரே ஆற்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். அதனால் எல்லாம் ஆற்றை நோக்கி வருகின்றன. மழை வந்துவிட்டால் கதையே மாறிவிடும். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனமும் வரிக்குதிரைகளும் கிழக்கே சிமாஞ்சிரோ சமவெளிக்குக் குட்டி போடப் போய்விடும். அந்தப் புல்லில் பாஸ்பரஸ் போன்ற சத்துகள் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். அங்கே அவை மேய்வது மாசாய் மக்கள் மாடு மேய்க்கும் நிலத்தில். அந்த நிலம் வேலி போடப்படாமல் திறந்திருந்தால்தான் அடுத்த வறண்ட காலத்தில் இந்த ஆற்றங்கரை நிறையும்.

[காட்சி: பெருத்த அடிமரம். பட்டை உரிந்து பள்ளம் விழுந்திருக்கிறது.]

இது பாவோபாப். இலங்கையின் மன்னாரில் பெருக்க மரம் என்று சொல்வார்களே, அதே மரம்தான். தண்ணீர் கிடைக்காத நாட்களில் யானைகள் தந்தத்தால் பட்டையைக் குத்திக் கிழித்து, உள்ளே ஈரமான நாரை மென்று தாகம் தணிக்கின்றன. மற்ற மரமாக இருந்தால் செத்துவிடும். பாவோபாப் மறுபடி பட்டை வளர்த்துக்கொள்கிறது, பெரும்பாலும். அதன் பொந்துகளைப் பாருங்கள். மஞ்சள் கழுத்துப் பட்டையோடு பச்சையாக எட்டிப் பார்க்கிறதே, அது ஒரு லவ் பேர்ட்ஸ் இனம். கூண்டிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது கூட்டமாகக் கத்திக்கொண்டு வானத்தில் பறப்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

சரி, சஃபாரி எப்படிப் போவது? கூரை தூக்கிய லேண்ட் க்ரூஸரில்தான். வண்டியை விட்டு இறங்கக் கூடாது, பாதையை விட்டு விலகியும் ஓட்டக் கூடாது. பெரும்பாலான வண்டிகள் செய்கிற தவறு, சிங்கம் எங்கே என்று வயர்லெஸ்ஸில் கேட்டுக் கேட்டு ஓடுவது. நீங்கள் டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குப் பறவையும் வேண்டும். ஆற்றோரம் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.” அப்புறம் சும்மா இருங்கள். சத்தம் நின்றால்தான் காடு கேட்கும்.

இங்கே 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. நம் பனங்காடையின் உறவு ஒன்று, ஊதா நெஞ்சோடு, காய்ந்த கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும். சாம்பல் மைனா இனம் ஒன்று உண்டு, தான்சானியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கே அது கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. புல்வெளியில் கோரி பஸ்டர்ட் நடந்து போகும். நம் கானமயிலின் இனம், பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. பறவைதான் முக்கியம் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வலசை வருபவையும் அப்போது இருக்கும்.

பைனாகுலர் ஆளுக்கொன்று கட்டாயம், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 வகை போதும். கருநீலம், கறுப்பு உடைகள் வேண்டாம். செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் பிடிக்கும், கடி நன்றாகவே வலிக்கும். காக்கி நிறம் நல்லது. மலேரியா மாத்திரைக்கு முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பை இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். 2019 ஜூன் முதல் அங்கே தடை.

[காட்சி: காலை வெயில். கரையான் புற்று. அதன் மேல் ஒரு இருவாச்சி.]

கடைசியாக, இந்தப் புற்றைக் காட்டாமல் முடிக்க மாட்டேன். உள்ளே குள்ளக் கீரிகள் தூங்குகின்றன. வெளியே காத்திருப்பது ஒரு சிறிய இருவாச்சி. கீரிகள் இரை தேடும்போது கலைந்து பறக்கும் வெட்டுக்கிளிகள் அதற்கு உணவு. பதிலுக்கு, பருந்து வந்தால் அது குரல் கொடுக்கும். பக்கத்து நாடான கென்யாவின் தாரு வறண்ட காட்டில் இதை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். கீரிகள் எழுந்திருக்கத் தாமதமானால், இருவாச்சி புற்றின் துளைக்குள் தலையை நீட்டிக் கூப்பிடுமாம்.

[காட்சி: புற்றின் துளையில் ஒரு சின்ன மூக்கு தெரிகிறது. அப்புறம் இன்னொன்று.]