40 மணி நேரத்தில் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம்.

1978 ஜூன் மாதம் நாசா ஏவிய சீசாட் செயற்கைக்கோளில் சிந்தெடிக் அபர்ச்சர் ரேடார் ஒன்று இருந்தது. ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலிகளைக் கொண்டு தரையைப் படமாக்கும் கருவி அது. இருட்டானாலும் மேகம் மூடினாலும் தரை அதற்குத் தெரியும். உயரம் சுமார் 800 கிலோமீட்டர். ஆன்டெனா 11 மீட்டர்கூட இல்லை. அதன் அலைக்கற்றை தரையைத் தொடும்போது பயணத் திசையில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதற்குள் உள்ள பாலமும் வயலும் ஒன்றாகக் குழம்பித்தான் தெரிய வேண்டும். ஆனால், 25 மீட்டர் நுணுக்கத்தில் படம் கிடைத்தது. அதைத் தந்தது தரையில் நடந்த கணக்கு.

செயற்கைக்கோள் நகர நகர, ஒரே பாறையை ஆயிரக்கணக்கான துடிப்புகள் தொட்டுத் திரும்புகின்றன. நெருங்கும்போது தூரம் குறையும், கடந்ததும் கூடும். அதனால் அந்தப் பாறை பதிவில் ஒரு வளைகோடாக நீண்டு கிடக்கும். அந்தக் கோட்டைத் திரட்டி மறுபடி புள்ளியாக்க வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே கோட்டைத் தேடிக் கூட்டலாம். 4096-க்கு 4096 புள்ளிகள், 4096 துடிப்புகள் என்றால் சுமார் 6,870 கோடி கூட்டல்கள்! அன்றைய கணினிகள் தாங்கா. ஆகவே ஃபிலிமில் பதிந்து, லேசரும் லென்சும் கொண்டுதான் அதுவரை படமாக்கிவந்தார்கள்.

கனடாவின் மெக்டொனால்ட் டெட்வைலர் நிறுவனத்தில் இயன் கம்மிங், ஜான் பென்னட் ஆகியோர் வேறு வழி கண்டார்கள். ஒரே தூரத்தில் உள்ள பாறைகளின் கோடுகளுக்கு வளைவு ஒன்றுதான். இடம் மட்டுமே தள்ளியிருக்கும். பயணத் திசையில் ஃபூரியர் மாற்றம், அதாவது பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு, செய்தால் அத்தனை கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகிவிடும். அதை நிமிர்த்தினால் எல்லாப் பாறைகளின் கோடுகளும் சேர்ந்தே நிமிரும். பிறகு புள்ளிகளாகத் திரட்டிவிடலாம். ரேடார் கணக்கியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

ரேஞ்ச்-டாப்ளர் முறை என்று பெயர் பெற்ற இந்த வழியில், 1978 இறுதிக்குள் கியூபெக்கின் த்ருவா ரிவியேர் பகுதி, 40 கிலோமீட்டர் சதுரம், படமாயிற்று. ஒரு மினி கணினி ஏறத்தாழ 40 மணி நேரம் உழைத்தது. மின்கோளாறால் சீசாட் அக்டோபரிலேயே செயலிழந்திருந்தது. பதிவான தரவு மட்டுமே மிஞ்சியிருந்தது.

கோட்டை நிமிர்த்த, பதிவான அளவுகளுக்கு நடுவே விழும் இடைமதிப்புகளைக் கணிக்க வேண்டியிருந்தது. 1994-இல் வெளியான சர்ப் ஸ்கேலிங் முறை அந்த வேலையையும் நீக்கி, ஃபூரியர் மாற்றமும் பெருக்கலும் போதும் என்றாக்கியது.

ரேடாரை விமானத்தில் வைத்தால் மட்டும் இந்தச் சிக்கனம் சறுக்கும். காற்றில் பாதை ஆடினால் கோடுகளின் வளைவு பொதுவாக இராது. புள்ளிக்குப் புள்ளி கூட்டும் பழைய வழிக்கே திரும்ப வேண்டும். அதையும் சுருக்கினார்கள் ஸ்வீடன் ஆய்வாளர்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட முறையில், அடுத்தடுத்த துடிப்புகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து முதலில் மங்கலான படங்களைத் தரும். குழுக்கள் இணைய இணையப் படம் கூர்மையாகும்.