'மற்றும் குழுவினர்' யாருங்க?

(எங்க ஊர் மெல்லிசைக் கலைஞர்கள் சங்க ஆண்டு விழாவுல பேசுனது, கேட்டவங்களுக்காக எழுதிப் போடறேன்)

சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, மண்டபத்த வாடகை வாங்காம குடுத்து ஜெனரேட்டர் டீசலும் என் கணக்குன்னு சொன்ன ஓனர் ஐயா அவர்களே, கவுன்சிலர் அக்கா அவர்களே, வேற மூணு விழா இருந்தும் இங்க முதல்ல வந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடைய வரிசை மாத்தி போத்திட்டத மனசுல வெச்சுக்காத பெரியவங்களே, மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு குடுத்த தலைப்பு 'இல்லாத பேண்ட்'. பேண்ட்னா போடற பேண்ட் இல்லைங்க, பாட்டுக் குழு. மூணு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு, இல்லாத ஒரு பேண்ட எப்படி உண்டாக்குனாங்க. ரெண்டு, அதுக்கு வாசிச்சது யாரு. மூணு, விக்கு, டிரஸ்ஸு, பஸ்ஸு.

2000-ல ஆல்மோஸ்ட் ஃபேமஸ்னு ஒரு அமெரிக்கப் படம். கேமரூன் க்ரோ எழுதி எடுத்தது. 1973-ல நடக்கற கதை, பதினஞ்சு வயசுப் பையன் ரோலிங் ஸ்டோன்ங்கற இசைப் பத்திரிகைக்கு எழுதறதுக்காக ஸ்டில்வாட்டர்னு ஒரு ப்ளூஸ் ராக் பேண்ட் கூட பஸ்ஸுல ஊர் ஊரா போறான், கடைசில அந்த பேண்ட் அட்டைப்படத்துக்கே வந்துடுது. அந்த பேண்ட் மொத்தமும் கற்பனை. ஆனா காத்துல புடிச்ச கற்பனை இல்லைங்க, க்ரோவே அந்த வயசுல ஆல்மன் பிரதர்ஸ்ங்கற நெஜ பேண்ட் கூட சுத்துனவரு. அந்த பேண்டோட கிட்டார் மன்னன் டுவேன் ஆல்மன் 1971-ல பைக் விபத்துல போயிட்டாரு, அடுத்த வருஷமே பேஸ் கிட்டார் வாசிச்ச பெர்ரி ஓக்லியும் அதே மேக்கன் ஊர்ல, அதே மாதிரி பைக்ல. அந்த நேரத்துல ஒரு பொடியன் டேப் ரெக்கார்டரோட வந்து கேள்வி கேட்டா? நீ போலீஸ் ஆளான்னு சந்தேகப்பட்டு தம்பி கிரெக் ஆல்மன் பேட்டி டேப்பையெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டாரு. அப்புறம் டேப் திரும்பி வந்துச்சு, 1973 டிசம்பர் 6 ரோலிங் ஸ்டோன் இதழ்ல அட்டைக்கட்டுரையாவும் வந்துச்சு. பையனுக்கு வயசு 16. அந்த பயமும் துக்கமும்தான் ஸ்டில்வாட்டர்ல இறங்கியிருக்கு, அதான் பொய்யின்னு தெரிஞ்சும் நம்பறோம்.

அட்டைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இத சொல்லாம போனா எனக்கு சோறு இறங்காது. டாக்டர் ஹுக்னு ஒரு பேண்ட், இது நெஜ பேண்ட். 1972-ல ஒரு பாட்டு போட்டாங்க, ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதுனது. என்ன பாட்டு? எல்லாம் கிடைச்சிருச்சு, காசு வருது, ஆனா ரோலிங் ஸ்டோன் அட்டையில மட்டும் எங்க மூஞ்சி வரல, வந்தா அம்மாவுக்கு அஞ்சு காப்பி வாங்குவேன்னு பொலம்பல்! நம்ம ஊர்ல யாராவது தினசரி பேர சொல்லி என் போட்டோ போடுன்னு கச்சேரில பாடுனா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க (கைதட்டல்). பாட்டு ஹிட்டு. பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா, 1973 மார்ச்ல அட்டையில போட்டுட்டான். போட்டோ இல்ல, கேலிச்சித்திரம். அதுவும் மூணு பேர மட்டும். பக்கத்துல பேரு? பேரும் போடலைங்க! 'அவங்க பேரு என்னமோ, அவங்க அட்டைக்கு வந்துட்டாங்க'ன்ற அர்த்தத்துல ஒரு வரி. அட்டைக்கு வந்தும் 'என்னமோ'தான்!

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு எங்க அப்பத்தா சொல்லும். நெய் யாரோடது, அள்ளி ஊத்தி பேர் வாங்கறது யாரு. ஸ்டில்வாட்டருக்கு வாங்க. திரையில கிட்டார் வாசிக்கறது பில்லி க்ரூடப், நடிகர். காதுல விழற லீட் கிட்டார் பேர்ல் ஜாம் பேண்ட் மைக் மெக்ரெடி வாசிச்சது. திரையில வாயசைக்கறது ஜேசன் லீ, தொண்டை மார்ட்டி ஃப்ரெடெரிக்சனோடது. பாட்டு உண்டாக்குனதுல ஹார்ட் பேண்ட் நான்சி வில்சன் பங்கு பெருசு, மேடையில எப்படி நிக்கணும்னு நடிகருங்களுக்கு சொல்லிக் குடுத்தது நெஜ ராக் கிட்டார்காரர் பீட்டர் ஃப்ராம்ப்டன். ஊரான் வீட்டு நெய்யே! நடிகர குறை சொல்லல, அவரு வேலைய அவரு ஒழுங்கா செஞ்சாரு. ஆனா மெக்ரெடி பேர நம்மள்ல எத்தன பேருக்கு தெரியும்?

படத்துலயே ஒரு சீன். பேண்டுக்கு டீ-ஷர்ட் அச்சடிச்சு வருது. கிட்டார்காரன் மட்டும் முன்னாடி பளிச்சுன்னு இருக்கான், பாடறவன் உட்பட மத்தவனெல்லாம் பின்னாடி மங்கலா. பாடகன் வெடிக்கறான். சிரிக்கற சீன்தான், எனக்கு சிரிப்பு வரல. ஏன்னா அந்த டீ-ஷர்ட்ட நான் தெனமும் நம்ம ஊர் சுவர்ல பாக்கறேன். கோயில் கொடை நோட்டீஸ்ல பாடறவங்க போட்டோ ரெண்டு, கீழ 'மற்றும் குழுவினர்'. யாருங்க அந்த குழுவினர்? ராத்திரி பத்துல இருந்து விடிகாலை மூணு வரைக்கும் ரிதம் பேட் தட்டறவரு, கீபோர்டு வாசிக்கறவரு, கரண்ட் போனா தவில்காரர்கூட சேர்ந்து சமாளிக்கற தபேலா அண்ணன். அவங்களுக்கு வீட்ல பேர் வெக்கலையா? நெய் அவங்களோடது!

விக்கு, பஸ்ஸு விஷயம் அடுத்த தடவ பேசிக்கலாம், தலைவர் சீட்டு அனுப்பிட்டாரு. என் கோரிக்கை இதுதான், இந்த சங்கத்துல இருக்கற எந்த ட்ரூப் நோட்டீஸ் அடிச்சாலும் வாசிக்கற எல்லார் பேரும் வரணும், சின்ன எழுத்தா இருந்தாலும் சரி, அச்சகத்துக்காரர் கூட ரெண்டு வரிக்கு எக்ஸ்ட்ரா கேக்க மாட்டேன்னுட்டாரு, நான் விசாரிச்சிட்டேன். பங்குனி கச்சேரிக்கு வாசிக்கறவங்க பட்டியல செயலாளர் கையில குடுத்துட்டுப் போறேன், பேட் வாசிக்கறவரோட இனிஷியல் மட்டும் ஒருவாட்டி கேட்டு சரி பண்ணிக்கோங்க. நன்றி, வணக்கம்.