டவரைத் திட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கேமராவில் படம் வரவில்லை, தோட்டத்து மோட்டார் ஆப்பில் ஓடவில்லை என்றால் நம் பக்கத்தில் உடனே வரும் சொல் ஒன்றுதான்: “டவர் இல்ல.” சிம் போட்ட மோடம்களைத் தோட்டம் தோட்டமாக மாட்டிக் கொடுப்பது என் தொழில். டவர் மேல் விழுகிற பழியில் பெரும்பகுதி வீண்பழி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

களக்காட்டுப் பக்கம் ஓர் அண்ணாச்சி. வாழைக்குள் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று மோட்டார் ரூம் சுவரில் கேமரா மாட்டி, சிம் ரவுட்டர் ஒன்றும் வைத்திருந்தார். தோட்டத்தில் நின்று அந்த ரவுட்டரின் வைஃபையில் பார்த்தால் படம் அருமையாக வரும். பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, ரவுட்டர் காட்டிய அதே நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே வராது. டவர்தான் காரணம் என்று முடிவு கட்டி, ஆன்டெனாவை இரும்புக் குழாயில் கட்டி ஏற்றினார். போதவில்லை என்று இன்னொரு குழாயையும் வெல்டிங் வைத்தார். நான் போனபோது அது ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. “பணகுடியில் பார்க்கிற காற்றாடி மாதிரி ஒன்று போடப் போறீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனைக்கும் அந்த ரவுட்டரில் யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடியது!

அவர் கேட்டது நியாயமான கேள்வி. “தம்பி, மோட்டார் ஸ்டார்ட்டருக்கு மிஸ்டு கால் குடுத்தா ஓடுது. அதுலயும் சிம்தான், இதுலயும் சிம்தான். கேமரா மட்டும் ஏன் வரமாட்டேங்கு?”

ஒரு சிம்மின் போன் நம்பர் உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. யார் அடித்தாலும் கம்பெனி தேடிப் பிடித்து மணி அடிக்கும். டேட்டாவுக்கு உள்ள ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் மோடத்தைக் காட்டும் எண், அப்படியில்லை. மோடம் இணைப்பு கேட்கும் ஒவ்வொரு தடவையும், கம்பெனியின் நுழைவாயில் எந்திரம் கையில் இருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அணைத்துப் போட்டால் வேறு ஒன்று வரலாம். கவனியுங்கள், கொடுப்பது டவர் இல்லை. நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் போகும்போது வழியில் எத்தனை டவர் மாறினாலும், இணைப்பு அறாதவரை முகவரி பெரும்பாலும் மாறுவதில்லை. அந்த எந்திரம் சென்னையிலோ வேறு எங்கோ இருக்கும். களக்காட்டில் இருக்கும் உங்களை இணையத்தில் சில பக்கங்கள் சென்னைக்காரர் என்று காட்டுவது அதனால்தான்.

அப்புறம், அந்த முகவரியும் முழு முகவரி இல்லை. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பது சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் 2012இல், 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை எல்லாக் கம்பெனிகளும் உள்ளுக்குள் புழங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். ‘தெற்கு ரத வீதி, 5ஆம் நம்பர்’ என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் அது நெல்லையா, சங்கரன்கோவிலா? உள் முகவரியும் அவ்வளவுதான். வெளியே போகும்போது, பலருக்கும் பொதுவான ஒரு வெளி முகவரியைப் போட்டு அனுப்புவார்கள். யார் கேட்டது என்று குறித்துவைத்து, பதில் வந்ததும் அவரிடம் சேர்ப்பார்கள். யூடியூப் ஓடுவது இதனால்தான். நீங்கள் வீட்டிலிருந்து கேமராவைக் கூப்பிடும்போது அந்தக் குறிப்பில் எதுவும் இருக்காது, கம்பெனி எந்திரம் அந்த அழைப்பைக் கீழே போட்டுவிடும். மறுபடியும் சொல்கிறேன், உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது.

உங்கள் வீட்டிலும் பார்க்கலாம். ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் இணைய முகவரி என்று ஓர் எண் இருக்கும். அப்புறம் ‘என் ஐ.பி. என்ன’ என்று கூகுளில் தேடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் நீங்கள் பலருக்கும் பொதுவான முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 192.168 என்று தொடங்குவது உங்கள் தோட்டத்துக்குள் மட்டும் செல்லும் எண். அண்ணாச்சி பாளையங்கோட்டையில் போட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

வழி என்ன? கேமராவே வெளியே கூப்பிடட்டும். ஆப்போடு வரும் கேமராக்கள் கம்பெனியின் சர்வரோடு முதலில் இணைந்துகொள்ளும், உங்கள் போனும் அங்கே போகும். இல்லையென்றால், தோட்டத்து ரவுட்டரிலிருந்து வெளியே ஒரு சர்வருக்குத் தனிப் பாதை போட்டுக்கொள்ளும் வி.பி.என். போடலாம். இணைப்பு சும்மா கிடந்தால் அந்தக் குறிப்பு அழிந்துபோகும், ஆகவே அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாறும் முகவரிக்குப் பெயர் வைத்துத் தரும் டைனமிக் டி.என்.எஸ். இதற்கு உதவாது. பெயர் போய்ச் சேரும் இடமே பலருக்கும் பொதுவானது. அதற்குப் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு மட்டுமேயான, மாறாத வெளி முகவரியுள்ள சிம்மைத் தொழில் இணைப்பில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். அண்ணாச்சிக்கு ஆப் கேமராவே போதும் என்றேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை பற்றி இரண்டே வரி: அதில் முகவரிக்குப் பஞ்சமில்லை, 2016இல் வந்த ஜியோ தொடக்கத்திலேயே அதைக் கொண்டுவந்தது. ஆனாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கம்பெனியோ மோடமோ தடுக்கலாம், நீங்கள் பார்க்கும் இடத்து இணைப்பிலும் ஐ.பி.வி.6 இருக்க வேண்டும். இன்னொன்று, கேமரா பெட்டியில் எழுதியிருக்கும் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வணக்கம்.