குடும்பத்தோடு குடியேற டோக்கியோதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "வெளிநாட்டவர் குடும்பத்தோடு வாழ ஏற்றது டோக்கியோவா, சியோலா, ஹாங்காங்கா?" என்ற தலைப்பில் டோக்கியோவுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஹாங்காங் அணித் தலைவர், "டோக்கியோவில் வெளிநாட்டவர் என்றாலே வீடு கிடைக்காது" என்று அடித்துச் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஜப்பானின் நீதி அமைச்சகமே 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த நாட்டுக்கு அது தலைகுனிவுதான். ஆனால் ஐயா பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

டோக்கியோவின் கிழக்கே, எதோகாவா வார்டில் நிஷி-கசாய் என்றொரு வட்டாரம். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற 'ஒய்2கே' சிக்கலைச் சரிசெய்யப் போன நம் பொறியாளர்கள் அங்கே கூட்டமாகக் குடியேறினார்கள். ஏன் அங்கே? நகரின் நடுவே உள்ள ஓதேமாச்சி அலுவலகங்களுக்குத் தோசாய் ரயிலில் ஏறினால் மாறாமல் போய்விடலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யூஆர் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். தனியார் வீடென்றால் முன்பணம் ஒரு பக்கம், வீட்டுக்காரருக்கு நன்றிப்பணமாகக் கொடுத்துத் திரும்பி வராத 'ரெய்கின்' ஒரு பக்கம், தரகு, ஜாமீன் கம்பெனிக் கட்டணம் என்று சாவி கைக்கு வருமுன்பே சேமிப்பு கரைந்துவிடும். யூஆரில் ரெய்கின் கிடையாது, தரகு கிடையாது, ஜாமீன் போட ஆள் வேண்டாம், ஒப்பந்தம் புதுப்பிக்கும் கட்டணமும் இல்லை. வதிவு அட்டை, வருமானச் சான்று, இரண்டு மாத முன்பணம் இருந்தால் வீடு. அந்தக் குடியிருப்புகளை அண்ணாந்து பாருங்கள், நடுவர் அவர்களே: ஒரு பால்கனியில் ஃபுதோன் மெத்தை வெயிலில் கிடக்கும், பக்கத்துப் பால்கனியில் புடவை காயும்.

ஹாங்காங்கிலும் பொதுக் குடியிருப்பு உண்டு, பெரிய அளவில் உண்டு. ஆனால் வீடு ஒதுக்கும்போது குடும்பத்தில் பாதிப் பேராவது 7 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். புதிதாய் வந்தவர் தனியார் வாடகையில்தான் விழவேண்டும். அந்த வாடகை எப்படிப்பட்டது என்று எதிரணிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேலை மாறுவதைப் பாருங்கள். ஹாங்காங்கில் வேலை விசாவில் இருப்பவர் கம்பெனி மாறவேண்டுமானால் குடிவரவுத் துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் பொறியாளர் விசாவில் இருப்பவர் அதே வகை வேலைக்கு மாறினால் 14 நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும். ஒரு மோசமான மேலாளரிடமிருந்து தப்பிக்கும் உரிமை அது. நான் இதைச் சாதாரணமாக நினைக்கவில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால்? தென் கொரியாவில் புதிதாக வருகிறவர்களில் பலர் அரசுக் காப்பீட்டில் சேர 6 மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் 3 மாதத்துக்கு மேல் தங்குகிறவர் வந்தவுடனேயே சேர்கிறார். செலவில் 30 சதவீதம் கட்டினால் போதும். டோக்கியோவில் 2023 முதல் உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் மருத்துவச் செலவுக்கு உதவி உண்டு. நம் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

சியோல் அணி வாக்குரிமையை எடுத்து வைத்தது. நிரந்தர வதிவுரிமை பெற்று 3 ஆண்டு ஆன வெளிநாட்டவர் 2006 முதல் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அந்தப் பெருமையைக் கொரியாவுக்கே மனமாரக் கொடுக்கிறேன். ஜப்பான் இதைச் செய்யாதது தவறு என்றும் சொல்கிறேன். ஆனால் நிரந்தர வதிவுரிமைக்குப் போகும் வழியைப் பாருங்கள். ஜப்பானில் பொதுவாக 10 ஆண்டு. படிப்பு, அனுபவம், சம்பளம் இவற்றுக்குத் தரும் மதிப்பெண் 80 தொட்டால், 1 ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். ஹாங்காங்கில் 7 ஆண்டு. இந்தியாவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக், 2019இல் அதே எதோகாவா வார்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அவை அறியட்டும்.

எதிரணியினர் அடுத்து எழும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். வந்து இறங்கிய முதல் மாதத்தில், ஜாமீன் போட ஒருவரையும் தெரியாத குடும்பத்துக்கு உங்கள் நகரத்தில் எந்த அரசு நிறுவனம் வீட்டுச் சாவி கொடுக்கிறது?

நன்றி, வணக்கம்.