ஈஸ்டருக்கு வீட்டிலேயே ஒரு புளித்த மாப் பாண்

வணக்கம் நேயர்களே. பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சை இப்போதே வைத்துக்கொள்வோம் என்று நிலையத்தாரிடம் கேட்டேன். ஈஸ்ட் போடாமல், மாவைத் தானாகப் புளிக்க வைத்துப் பாண் செய்ய வேண்டுமென்றால் அதற்கான ஸ்டார்ட்டரை, அதாவது மாவும் தண்ணீரும் கலந்து புளிக்க வைக்கும் தாய் மாவை, இந்தக் கிழமையே தொடங்கிவிட வேண்டும், ஈஸ்டருக்கு முதல் நாள் வந்து சொல்லிப் பயனில்லை.

பழைய காலத்துத் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமில்லை, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. நாற்பது நாள் அதையெல்லாம் தொடாமல் இருந்தவர்கள் உயிர்த்த ஞாயிறன்று செய்த பாண் வேறு எப்படி இருக்கும்? சிவப்பு முட்டை பதித்துப் பின்னலாகச் செய்யும் கிரேக்கரின் சுரேக்கி, உயரமாக எழும்பி நிற்கும் ரஷ்யரின் குலிச், புறா வடிவத்தில் இத்தாலியரின் கொலோம்பா, எல்லாமே முட்டையும் பட்டரும் தாராளமாகச் சேர்ந்தவை. கொலோம்பா என்ற பெயரில் விற்பதானால் அதைப் புளித்த மாவில்தான் எழுப்ப வேண்டும் என்று இத்தாலியில் 2005இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம்மூர்ப் பறங்கியர் நத்தாருக்குச் செய்யும் புரூடரும் இந்தக் குடும்பம்தான்.

இது குளிர் நாட்டு வேலை, கொழும்பு வெக்கையில் சரிவராது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பத்துக்கும் தோசைக்கும் தலைமுறை தலைமுறையாக மா புளிக்க வைத்த கைகள் நம்முடையவை. சிக்கல் வெளிநாட்டுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் நேரக் கணக்கில்தான் இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு பாகை அடுப்படிக்கு எழுதியதை ஏப்ரல் மாதம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முப்பது பாகையில் அப்படியே செய்தால் பாதி நேரத்திலேயே மா தாண்டிப் போய்விடும், புளிப்பும் ஏறிவிடும்.

சரி, ஸ்டார்ட்டருக்கு வருவோம். ஐம்பது கிராம் ஆட்டா மா, ஐம்பது கிராம் தண்ணீர், ஒரு கண்ணாடிப் போத்தல், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் முதல் நாள் இரவே ஒரு சட்டியில் திறந்து வைத்துவிடுங்கள். போத்தலை இறுக்கி மூடாமல், எறும்பு வராதபடி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். இரண்டாம் நாளே மா பொங்கி மேலே வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அது ஈஸ்ட் இல்லை, ஏதேதோ பக்டீரியாக்களின் வேலை, மணமும் நன்றாக இருக்காது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எல்லாம் அடங்கி ஒரு குமிழிகூட வராமல் கிடக்கும். செத்துப்போச்சு என்று நிறையப் பேர் கொட்டுவது அந்த நாளில்தான். தயவுசெய்து கொட்டாதீர்கள்! மா புளித்துவரும்போது அந்தப் புளிப்பே முதலில் வந்த பக்டீரியாக்களை ஒதுக்கிவிடுகிறது, புளிப்பைத் தாங்கும் ஈஸ்டும் லக்டிக் அமிலம் சுரக்கும் பக்டீரியாவும் அதன்பிறகுதான் இடம்பிடிக்கின்றன. தினமும் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருங்கள், குமிழி திரும்பி வந்தபிறகு காலையும் மாலையும் கொடுங்கள். பழுத்த பழ வாசனை வந்து, நாலைந்து மணித்தியாலத்தில் இரண்டு மடங்காக எழும்பினால் அது தயார். பத்து நாளிலிருந்து இரண்டு கிழமை பிடிக்கும்.

இனிப்புப் பாணுக்கு ஸ்டார்ட்டரை இறுக்கமாகப் பிசைய வேண்டும், அப்போதுதான் புளிப்பு அடங்கி நிற்கும். பெரிய சனிக்கிழமை காலையில் ஐம்பது கிராம் ஸ்டார்ட்டரோடு எழுபது கிராம் மாவும் முப்பத்தைந்து கிராம் தண்ணீரும் சேர்த்து உருட்டி வையுங்கள். மதியம் அது நன்றாக எழும்பியதும் ஐந்நூறு கிராம் கோதுமை மா (பாண் செய்வதற்கென்று விற்கும் மா கிடைத்தால் நல்லது), இரண்டு முட்டை, இருநூறு மில்லிலீற்றர் குளிர்ந்த பால், எண்பது கிராம் சீனி, எட்டு கிராம் உப்பு சேர்த்துப் பிசையுங்கள். பாலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுங்கள், நம் ஊர் வெக்கைக்கு அது முக்கியம். நூறு கிராம் பட்டரை முதலிலேயே போட்டால் மா இழுபடும் தன்மைக்கு வராது, அதனால் மா ஒன்றுசேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையால் என்றால் இருபது நிமிடமாவது ஆகும். காது மடல் போல மிருதுவாக வரவேண்டும். ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள், கிழியாமல் மெல்லிய தோலாகி அதனூடே வெளிச்சம் தெரிந்தால் போதும். கடைசியாக ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய், தோடம்பழத் தோல் துருவல், பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை. இத்தாலியர் போடும் தோடம்பழத் தோல் பாகுக்குப் பதிலாக நான் லவ் கேக்குக்கு வாங்கும் புகுல் தோசியை, அதாவது சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணியை, பொடியாக வெட்டிப் போடுவேன், எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும்.

சீனி ஈஸ்டிடமிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்வதால் இந்த மா மெதுவாகத்தான் எழும்பும், பயப்பட வேண்டாம். ஒன்றரை மடங்கு வந்ததும் மூன்றாகப் பிரித்துப் பின்னி, வளையமாக வளைத்து, தட்டோடு மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இரவுப் பூசைக்குப் போய் வாருங்கள். ஞாயிறு விடிய எடுத்து வெளியே வைத்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உப்பி நிற்கும். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், பள்ளம் சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாகப் பாதி நிரம்பினால் அவணுக்குப் போகலாம். மேலே முட்டை பூசி, கஜு தூவி, 180 பாகையில் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. நிறம் சீக்கிரம் ஏறினால் ஒரு ஃபொயில் தாளால் மூடுங்கள். சிவப்பு வெங்காயத் தோல் போட்டு அவித்த முட்டைகள் செங்கபில நிறத்தில் வரும், அவற்றை வளையத்தின் நடுவில் வைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

முழுவதும் ஆறிய பிறகே வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். புளித்த மா என்பதால் மறுநாளும் உலராது, கொஞ்சம் சுட்டு பட்டர் பூசினால் இன்னும் ருசி. ஸ்டார்ட்டரில் மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கிழமைக்கு ஒரு தடவை மா கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் ஒரு மேசைக்கரண்டி கொடுங்கள், அவர்களுக்கு அந்த இரண்டு கிழமைக் காத்திருப்பு மிச்சம். நன்றி, வணக்கம்.