பரங்கிமலையில் தேறி, களத்தில் வீழ்ந்தவர்கள்: பெயர்களைப் பிழையில்லாமல் காக்கும் முறை

(கல்லூரி என்.சி.சி. பொறுப்பாளர்களும் வரலாற்று ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

அவையோருக்கு வணக்கம்.

1962 அக்டோபர் 20-ல் தொடங்கி ஒரு மாதமே நடந்த சீனப் போர், நம் ராணுவத்தில் இளம் அதிகாரிகள் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டிக் கொடுத்தது. சண்டை ஓய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1963 ஜனவரி 15 அன்று, சென்னைப் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி பிறந்தது. முதலில் அவசரகால கமிஷன் (அதிகாரி நியமனம்) பெறுவோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அது குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கான இடமாயிற்று. 1988 ஜனவரி 1 முதல் அதன் பெயர் அதிகாரிகள் பயிற்சி அகாடமி. இன்று அங்கே பயிற்சி 49 வாரம்.

கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிளஸ் டூ முடித்தவர்கள் போகிறார்கள். பரங்கிமலைக்குப் போகிறவர்கள் பட்டதாரிகள். ஆகவே அங்கே தேறிக் களத்தில் இறந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு கல்லூரி இருக்கிறது. ஒரு வருகைப் பதிவேடு, ஒரு என்.சி.சி. சான்றிதழ்ப் பதிவு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. இறந்தவரை ரெஜிமென்ட் நினைவில் வைத்திருக்கும், அகாடமி வைத்திருக்கும். அவர் படித்த கல்லூரிக்கு மட்டும் பல நேரம் விஷயமே தெரியாது. அந்தப் பெயர்களை உங்கள் கல்லூரிச் சுவருக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முதல் கேள்வி, பட்டியலில் யாரைச் சேர்ப்பது? ‘போரில் இறந்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டு 1965, 1971, 1999 என்று மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் வெளியே போய்விடுவார். 1972 ஜூன் 16-ல் பரங்கிமலையில் தேறியவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், அமைதிப்படைப் பணியில் இறந்தார். அவருக்குக் கிடைத்தது பரம்வீர் சக்ரா. அகாடமியில் தேர்ச்சி அணிவகுப்பு நடக்கும் மைதானமே அவர் பெயரில்தான் இருக்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜனும் வெளியே போய்விடுவார். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் இறந்தவர் அவர். அவருக்கு அசோக சக்ரா. போர் அறிவிக்கப்பட்டதா என்று பார்த்துப் பட்டியல் போட்டால் இந்த இருவருக்கும் இடமில்லாமல் போகும். ராணுவமே இத்தகைய மரணங்களைப் போர் இழப்பு என்ற பிரிவில்தான் எழுதுகிறது. நாமும் அப்படியே எழுதலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நடவடிக்கையின் பெயரைப் போட்டுவிடுங்கள்: ஆபரேஷன் பவன் (இலங்கை), ஆபரேஷன் விஜய் (கார்கில்), ஆபரேஷன் ரக்ஷக் (காஷ்மீர்). படிப்பவருக்கு எது எந்தக் காலம் என்று புரிந்துவிடும்.

இலங்கை நடவடிக்கையைப் பற்றித் தமிழர்களிடையே ஆழ்ந்த மனக்கசப்பும் மாறுபட்ட நினைவுகளும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கைத் தீர்க்கும் இடம் பெயர்ப்பலகை அல்ல. அனுப்பப்பட்ட இடத்துக்குப் போய், தன் ஆட்களின் முன்னால் நின்று இறந்தவரின் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். பிழைகளில் பாதி இங்கேதான் நுழைகிறது. கார்கில் போரில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் இறந்த திருச்சிக்காரரை நாம் எம். சரவணன் என்போம். ராணுவ ஆவணத்தில் அவர் மாரியப்பன் சரவணன். முதலெழுத்தை விரித்ததும் தந்தை பெயர் முன்னால் வந்துவிட்டது. ராமசாமி பரமேஸ்வரனும் அப்படியே. ஆனால் முகுந்த் வரதராஜனில் சொந்தப் பெயர் முதலில், தந்தை பெயர் பிறகு. மூன்று பேரையும் அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், விவரம் தெரியாதவர்களில் ஒருவர் சரவணனை ‘மா’விலும் இன்னொருவர் ‘ச’விலும் தேடுவார். ஒரே மனிதர் இரண்டு முறை ஏறுவதும், இருக்கும் பெயரையே இல்லை என்று விட்டுவிடுவதும் இப்படித்தான். பதிவேட்டில் இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள். கல்லில் ஆவணத்தில் உள்ள வடிவம் ஏறட்டும்.

பெயரைவிட உறுதியான அடையாளம் அதிகாரியின் எண். நிரந்தர கமிஷன் என்றால் ஐ.சி., குறுகிய காலம் என்றால் எஸ்.எஸ்., அவசரகாலம் என்றால் ஈ.சி. என்று தொடங்கும், எண்ணுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து வரும். கடைசி எழுத்து அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பதற்கே அந்த எழுத்து இருக்கிறது. நீக்காதீர்கள்.

பதவியை இறந்த அன்று இருந்தபடியே எழுத வேண்டும். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் களத்தில் 21 வயதில் இறந்த அருண் கேத்ரபால் இரண்டாம் லெப்டினன்ட். இப்போது அந்தப் பதவி வழக்கில் இல்லை என்று வெறும் லெப்டினன்ட் ஆக்கிவிடக் கூடாது. மனோஜ் குமார் பாண்டேயைப் பல இடங்களில் கேப்டன் என்று போடுகிறார்கள். பரம்வீர் சக்ரா அவருக்கு லெப்டினன்ட் என்ற பதவியில்தான் அறிவிக்கப்பட்டது. இவர்கள் இருவரும் கடக்வாஸ்லா, டேராடூன் (இந்திய ராணுவ அகாடமி) வழியாக வந்தவர்கள். தவறு எவ்வளவு புகழ்பெற்ற பெயரிலும் நுழையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு படைப்பிரிவு. பரமேஸ்வரன் கமிஷன் பெற்றது 15 மகாரில் (மகார் ரெஜிமென்ட்டின் 15-வது பட்டாலியன்), இறந்தது 8 மகாரில். முகுந்தின் தாய் ரெஜிமென்ட் ராஜ்புத். இறக்கும்போது பணியாற்றியது 44 ராஷ்டிரிய ரைஃபிள்ஸ். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், ரெஜிமென்ட் பட்டியலோடு ஒப்பிடும்போது பெயர் சிக்காது. அல்லது அந்த இடத்தில் இல்லாத பட்டாலியன் அங்கே சண்டையிட்டது போலாகும்.

தேதி இன்னும் கவனமானது. மலைத் தாக்குதல்கள் இரவில் தொடங்கி விடியும்வரை போகும். 1999 ஜூன் 28 இரவு டிராஸ் பகுதியில் 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் நடத்திய ஒரே தாக்குதலில் பரங்கிமலையில் தேறிய மேஜர் பத்மபாணி ஆச்சார்யாவும், டேராடூனில் தேறிய கேப்டன் விஜயந்த் தாபரும் இறந்தார்கள். ஒருவருக்கு 28, மற்றவருக்கு 29 என்று பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிச் ‘சரிசெய்ய’ வேண்டாம். சரவணன் மே 29-ல் இறந்தார்; உடல் மீட்கப்பட்டது ஜூலையில். அப்போது வந்த நாளிதழ்ச் செய்தியை மட்டும் வைத்து எழுதினால் இறந்த தேதியே மாறிவிடும். இன்னொன்று: ஜூலை 1 அன்று லெப்டினன்ட் கெய்ஷிங் கிளிஃபோர்டு நோங்ரும் இறந்த பாயிண்ட் 4812 என்ற இடத்தில், அந்த எண் மீட்டரில் உயரம். அதை ‘4812 அடி’ என்று எழுதினால் மலையை மூன்றில் ஒரு பங்காக்கியதாகும்.

எங்கே சரிபார்ப்பது? டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் தேடும்படி இருக்கிறது. விருதுகளுக்கு அரசிதழ் அறிவிப்பு இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் ரெஜிமென்ட் மையமும் எழுத்தில் கேட்டால் பதில் தரும். இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் ஒரு வரியும் கல்லுக்குப் போகக் கூடாது. கடைசியில் குடும்பத்திடம் மெய்ப்புப் படியைக் காட்டுங்கள். அவர்கள் கையெழுத்திட்ட பிறகே கல்தச்சரிடம் கொடுங்கள்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாக. பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில் எழுத்தை மேலாகக் கீறிப் பொன் வண்ணம் பூசினால், மேற்கு வெயில் படும் சுவரில் சில கோடையிலேயே வண்ணம் உதிர்ந்து எழுத்து மறைந்துவிடும். ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்; வண்ணம் போனாலும் விரலால் தடவிப் படிக்கும்படி இருக்க வேண்டும். பெயர்களை இறந்த தேதி வரிசையில் அடுக்குங்கள், பதவி வரிசையில் வேண்டாம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி நடுகல்தான். அந்தச் சமத்துவம் நம் சுவருக்கும் பொருந்தும்.

இனி நினைவு நாள் நிகழ்ச்சி. காவல் அணி ‘சலாமி சஸ்த்ர’ (துப்பாக்கியை முன்னால் நிமிர்த்திப் பிடித்துச் செலுத்தும் மரியாதை) நிலையில் நிற்க, மலர்வளையம் வைக்கப்படுகிறது. வைத்தவர் ஓரடி பின்வாங்கி, சீருடையில் இருந்தால் சல்யூட். இல்லையென்றால் நேராக நின்று தலைவணங்கினால் போதும். அடுத்து ‘ஷோக் சஸ்த்ர’: துப்பாக்கி தலைகீழாகத் திரும்பும், தலைகள் குனியும். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை. இரண்டு நிமிட மௌனம். பிறகு மௌனத்தை முடிக்கும் ரௌஸ் என்ற பியூகிள் இசை ஒலிக்கும். அணி மீண்டும் சலாமிக்கு வரும்.

இதில் எங்கே சறுக்குகிறது? ஷோக் சஸ்த்ர அசைவு என்.சி.சி. மாணவர்களுக்கு அன்றாடம் பழக்கமில்லாதது. முதல் நாள் மட்டும் ஒத்திகை பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் துப்பாக்கி திரும்பும். ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள். மலர்வளையத்தை வழவழப்பான பீடத்தில் சாய்த்து வைத்தால் வழுக்கி விழும். மரச்சட்டத் தாங்கி ஒன்று செய்துவிடுங்கள். இரண்டு நிமிட மௌனம் மைக்கில் இருப்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும், முப்பது நாற்பது விநாடியில் முடித்துவிடுவார். கடிகாரம் பார்க்க மட்டுமே ஓர் ஆளை நிறுத்துங்கள். பியூகிளுக்குக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்தால் நடுவில் அழைப்பு வரும். ஆள் கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவைத் தனிக் கருவியில் வையுங்கள். மாணவர்கள் காலை உணவு சாப்பிடாமல் முழங்காலை விறைத்துக்கொண்டு வெயிலில் நின்றால் மயங்கி விழுவார்கள். உணவு கொடுத்துவிட்டு அணிவகுக்கச் சொல்லுங்கள்.

பெயர்களை வாசிப்பவர் ஒவ்வொரு பெயரையும் முன்னதாக வாய்விட்டுப் பழக வேண்டும். மேகாலயத்துக்காரரான நோங்ருமின் பெயர் சென்னை மேடையில் தடுமாறக் கூடாது. பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு ஒரு மூச்சு நேரம் இடைவெளி, அடைமொழிகள் வேண்டாம். குடும்பத்தினரை நிழலில், முன்வரிசையில் உட்கார வையுங்கள். கேட்காமல் மேடைக்கு அழைக்காதீர்கள், கையில் மைக்கைத் திணிக்காதீர்கள். அழும் தாயின் முகத்தருகே கேமராவை நீட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

பெயர்ப்பலகையை ஒரே பெரிய கல்லாகச் செய்ய வேண்டாம். கிரானைட்டில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. பத்துப் பெயருக்கு ஒரு பலகை என்று பிரித்து, பித்தளைத் திருகாணியால் பொருத்துங்கள். பிழை தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். மூலப் பதிவேட்டை இரண்டு படியாக எழுதி, ஒன்றை நூலகத்திலும் மற்றதை என்.சி.சி. அறையிலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஒரு பதவிக்கு எழுதி வைத்துவிடுங்கள். ஆள் மாறினாலும் வேலை நிற்காது.