சார்ஜர் சாக்கெட் செத்துப்போச்சா? ஃபியூஸைத் தேடுவோம்

வணக்கம். வண்டிக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன், வெளிச்சம் கொஞ்சம் குறைவு. கியருக்கு முன்னால் இருக்கிற இந்த 12 வோல்ட் சாக்கெட் நேற்றிலிருந்து வேலை செய்யவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. சரி, ஃபியூஸைத் தேடலாம்.

சின்ன கார்களில் பெரும்பாலும் இரண்டு ஃபியூஸ் பெட்டி. பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் ஒன்று. ரேடியேட்டர் ஃபேன் மாதிரி பெரிய சமாச்சாரங்களுக்கு. இன்னொன்று ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில். நமக்கு வேண்டியது அதுதான். தலையை உள்ளே விட்டுக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள். போனை நீட்டிப் படம் எடுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து பெரிதாக்கிப் பாருங்கள்.

நிறத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்று முதலில் நானும் நினைத்தேன். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஆனால் நிறம் ஆம்பியரைத்தான் சொல்லும், எது எதற்கு என்று சொல்லாது. இங்கேயே நாலு நீலம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், கடிகாரம் 12:00-க்குப் போய்விட்டது. மூடியின் உள்பக்கம் பாருங்கள், புகைகிற சிகரெட் படம். முன்பு சிகரெட் பற்றவைக்க இருந்த இடம், அதுதான் நம் சாக்கெட்.

பிடுங்காமலே சோதிக்கலாம். ஃபியூஸ் தலையில் இரண்டு பொட்டு உலோகம் தெரிகிறதா? டெஸ்ட் லாம்ப், அதாவது ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சின்ன விளக்கு. அதன் கிளிப்பைப் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் மாட்டி, சாவியை ஆன் செய்து, ஊசியால் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலுமே எரியவில்லையா? அந்த ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை.

என்னுடையதில் ஒன்றில்தான் எரிந்தது. சாவியை அணைத்துப் புது நீலத்தைப் போட்டேன். திரும்ப ஆன் செய்ததும் அதுவும் போயிற்று! இந்த இடத்தில்தான் பச்சையைச் செருகக் கை துறுதுறுக்கும். ஃபியூஸ் தாங்கும்தான், ஒயர் உருகும்.

டார்ச் அடித்து சாக்கெட்டுக்குள் பார்த்தால், ஒரு ஹேர்பின். நடு முனையையும் பக்கச் சுவரையும் சேர்த்துத் தொட்டபடி நிற்கிறது. சாவியை அணைத்து, ஃபியூஸையும் கழற்றிவிட்டுத்தான் அதை எடுத்தேன்.

இன்னொரு புது நீலத்தைப் போட்டேன், இப்போது சார்ஜ் ஏறுகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் கையில் இருந்தது இதோடு தீர்ந்தது, நாளைக்கு வாங்க வேண்டும். ஹேர்பின் யாருடையது என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை.